பால் வைக்கலாம், சட்டை வைக்கக் கூடாது

இங்கிலாந்தின் நாட்டார் கதைகளில் வரும் ஃபேரிகள் என்ற மாய ஆட்களோடு எப்படிப் பழகுவது, எதில் ஆபத்து என்று வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இந்த இதழில் பதில். ‘செய்யலாம்’, ‘கூடாது’ என்று கீழே வருபவை எல்லாம் அந்த நாட்டுக் கிராமங்களில் வழங்கி, 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஏட்டில் ஏறியவை.

கேள்வி: இங்கிலாந்துப் பண்ணை வீடு ஒன்றில் நடக்கும் கதை எழுதுகிறேன். இரவில் வந்து வீட்டுவேலை செய்துவிட்டுப் போகும் ஃபேரிக்கு என்ன கூலி வைப்பார்கள்? என்ன செய்தால் அது கோபித்துக்கொள்ளும்?

பதில்: முதலில் பண்ணை எந்த வட்டாரம் என்று முடிவு செய்யுங்கள். யார்க்‌ஷயர் என்றால் ஹாப். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய வடக்கு என்றால் பிரவுனி. டெவன், கார்ன்வால் என்றால் பிக்ஸி. ராபின் குட்ஃபெலோ என்று வைத்தால் பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும்.

கூலிக்குத் தெளிவான சாட்சி ஆங்கில எழுத்தாளர் ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் எழுதிவைத்தது. மால்ட்டோ (முளைகட்டி உலர்த்திய தானியம்) கடுகோ அரைத்து, நடுராத்திரியில் வீட்டைப் பெருக்கிவைத்ததற்கு வழக்கமான கூலி வெள்ளை ரொட்டியும் பாலும். அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் அன்றாடம் தின்றது பார்லி ரொட்டியும் ரை ரொட்டியும். வெள்ளை ரொட்டி வசதியுள்ளவர் வீட்டுப் பண்டம். மிச்சம் மீதியை வைத்துவிட்டு நல்ல வேலை எதிர்பார்க்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. கணப்பு அருகே தரையைக் கூட்டி, கிண்ணத்தை வைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் நேரத்தோடு படுத்துவிட வேண்டும். ‘இது உனக்குக் கூலி’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வேலையைக் குறை சொல்லவும் கூடாது.

கோபம் வருவது இரண்டு வழிகளில். ஒன்று, ஒளிந்திருந்து பார்ப்பது. சசெக்ஸ் கதையொன்றில் களஞ்சியத்தில் இரண்டு குட்டி ஆட்கள் கதிரடிக்கிறார்கள். வைக்கோலுக்குள் பதுங்கியிருந்த பண்ணைக்காரர், ‘எனக்கு வியர்க்கிறது, உனக்கு வியர்க்கிறதா?’ என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சத்தம் போட்டு வெளியே வருகிறார். தலையில் ஓர் அடி. அன்றிலிருந்து உடம்பு தேய்ந்து ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். களஞ்சியம் அவருடையதுதான். ஆனாலும் ராத்திரியில் அது அவருடையதல்ல.

இன்னொன்று துணி. பாவம், வெற்றுடம்போடு வேலை செய்கிறானே என்று இரக்கப்பட்டுச் சட்டை வைத்தால் அன்றோடு போய்விடுவான். ஏன் என்பதற்குத்தான் ஊருக்கு ஊர் வேறு காரணம். சண்டர்லாந்து அருகே ஹில்டன் கோட்டையில் இருந்த ‘கால்ட் லாட்’ பச்சை மேலங்கியும் தொப்பியும் கிடைத்த மகிழ்ச்சியில் விடியும்வரை ஆடிவிட்டு மறைந்தான். (அவன் வேறொரு விதத்திலும் கோணல். சமையலறை சுத்தமாக இருந்தால் எல்லாவற்றையும் இறைப்பான். அலங்கோலமாக விட்டால் அடுக்கிவைப்பான். வேலைக்காரர்கள் வேண்டுமென்றே அலங்கோலமாக விட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.) லிங்கன்ஷயரில் கணக்கே வேறு. அங்கே ஆண்டுக்கு ஒரு லினன் சட்டை முறையாகக் கொடுத்துவந்தார்கள். கஞ்சத்தனம் பிடித்த எஜமான் ஒருவர் முரட்டுச் சணல் சட்டையை வைத்தார். ‘லினன் தந்திருந்தால் இன்னும் பல வருஷம் உழைத்திருப்பேன்’ என்று பாட்டாகவே பாடிவிட்டு அந்த பிரவுனி கிளம்பிவிட்டான். யார்க்‌ஷயர் கிளைஸ்டேலில் ஹார்ட் ஹால் பண்ணையின் ஹாப் போனதும் இதே சணல் சட்டையால்தான். கதைக்கு இந்த வகையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வோம். அதில் குற்றம் வைத்தவர் மேல் இருக்கிறது. இரக்கத்தால் வேலைக்காரனை இழப்பதைவிடக் கஞ்சத்தனத்தால் இழப்பது கதையை நகர்த்தும்.

கோபித்துக்கொண்ட ஹாப் எப்போதும் போய்விடுவதும் இல்லை. சில வீடுகளில் பாகர்ட் என்ற தொல்லை தரும் ஆவியாகி அங்கேயே தங்கிவிடும். தட்டு உடையும், போர்வை இழுபடும். வீடு மாறித் தப்பிக்கலாம் என்று நினைத்த குடும்பத்தின் வண்டியில், ஏற்றிய சாமான்களுக்கு நடுவே வெண்ணெய் கடையும் பீப்பாயிலிருந்து ‘ஆமாம், நாங்கள் வீடு மாறுகிறோம்’ என்று பதில் வருகிறது. அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பழைய வீட்டுக்கே போய்விடுகிறார்கள்.

கேள்வி: ஃபேரி கொடுக்கும் எதையும் சாப்பிடக் கூடாது என்று படித்தேன். இன்னொரு கதையில் உழவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறான். எது சரி?

பதில்: இரண்டும் சரி. சாப்பாடு எங்கே பரிமாறப்படுகிறது என்பதைப் பாருங்கள்.

வோர்செஸ்டர்ஷயரில் ஓஸ்பரி பாறை அருகே ஓர் ஆளும் பையனும் உழுதுகொண்டிருக்கிறார்கள். புதரில் அழுகுரல். குந்தாலியைத் தொலைத்துவிட்ட ஃபேரி. ஆள் தேடி எடுத்துக் கொடுக்கிறார். வயலின் மூலைக்குப் போ என்கிறது ஃபேரி; அங்கே ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் சைடர். ஆள் ஒரு பிடி பிடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. பையன் பயந்து தொடவில்லை. இடம் மனிதர் வயல். சாப்பாடு செய்த உதவிக்குக் கூலி. கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அவர்கள் இடத்துக்குள் போய்விட்டால் நிலைமை தலைகீழ். கார்ன்வாலின் செலீனா மூர் என்ற தரிசு வெளியின் கதையை வில்லியம் பாட்ரெல் 1873இல் அச்சிட்டார். அறுவடை விருந்துக்கு மது வாங்கப் போன நோய் என்பவர் வழி தவறி, வெளிச்சமும் பாட்டும் உள்ள தோட்டம் ஒன்றை அடைகிறார். அங்கே பரிமாறிக்கொண்டிருப்பவள் இறந்துபோனதாக ஊர் நம்பிய அவருடைய பழைய காதலி. ‘பழம், பூ, மது எதையும் தொடாதே’ என்று எச்சரிக்கிறாள். பசியில் ஒரு பிளம் பழத்தைக் கடித்ததுதான் அவள் செய்தது; அது வாயில் கசப்பு நீராக மாறி மயங்கினாள், எழுந்தபோது அவர்களுடைய பணிப்பெண். நோய் சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கூட்டத்துக்கு நடுவே எறிகிறார். எல்லாம் மறைகிறது, அவளும்தான். இடிந்த மாட்டுக்கொட்டகையில் அவர் தனியாக நிற்கிறார். காணாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

நடுவே ஓர் இடம் உண்டு: வாசல். கிழக்கு யார்க்‌ஷயரில் ஒரு குன்றின் கதவு திறந்திருப்பதையும் உள்ளே விருந்து நடப்பதையும் இரவில் குதிரையில் போன ஒருவன் பார்த்ததாக 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் நியூபரோவின் வில்லியம் எழுதுகிறார். கோப்பை நீட்டுகிறார்கள். அவன் மதுவைக் கீழே கொட்டிவிட்டுக் கோப்பையோடு ஓடித் தப்பிக்கிறான். கோப்பை முதலாம் ஹென்றி மன்னரிடம் போய்ச் சேர்கிறது. இதைப் பார்த்து யாரும் துணிய வேண்டாம். க்ளஸ்டர்ஷயரில் ஒரு மேட்டின் மேல் ஏறி ‘தாகமாக இருக்கிறது’ என்று சொன்னால் ஒருவன் கொம்பில் பானம் கொண்டுவந்து தருவானாம். வேட்டைக்காரர் எல்லாரும் குடித்துவிட்டுக் கொம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீரன் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். க்ளஸ்டர் கோமகன் அவனுக்கு மரண தண்டனை விதித்ததாக டில்பரியின் ஜெர்வேஸ் எழுதுகிறார். கோப்பைத் திருட்டில் இரண்டு முடிவும் உண்டு. கொட்டிவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவன் கதை ஏனோ யாரும் எழுதவில்லை.

கேள்வி: ஃபேரியிடம் ‘நன்றி’ சொல்லக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது என்று இணையத்தில் பார்க்கிறோம். பழைய வழக்கா?

பதில்: பெயர் விஷயம் பழையது. நார்தம்பர்லாந்தின் ராத்லி ஊர்க் கதையில், புகைபோக்கி வழியாக இறங்கி விளையாட வந்த ஃபேரிச் சிறுமியிடம் ஒரு பையன் தன் பெயரை ‘நானேதான்’ என்று சொல்லிவிடுகிறான். கணப்பில் தெறித்த தணல் அவள் காலைச் சுட்டது. ‘யார் செய்தது?’ என்று மேலிருந்து அவள் அம்மா கேட்க, ‘நானேதான்’ என்று பதில் போகிறது. அப்புறம் ஏன் அழுகிறாய் என்று அவளுக்குத்தான் அடி. ஃபேரியின் பெயர் மனிதருக்குத் தெரிந்துவிட்டால் பிடி மனிதர் கைக்கு வரும். சஃபோக்கின் டாம் டிட் டாட் கதை முழுக்க அதுதான். அவர்களையும் நேராக ஃபேரி என்று அழைக்காமல் ‘நல்ல அயலார்’, ‘சின்ன ஆட்கள்’ என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள்.

‘நன்றி’க்கு அவ்வளவு வலுவில்லை. பழைய பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது துணிதான். அதை எல்லாவற்றுக்கும் நீட்டிச் சொல்வது இன்றைய பழக்கம். ஆனால் ரகசியம் காப்பது பழைய விதி. சுத்தமாக வீடு வைத்திருக்கும் வேலைக்காரப் பெண்ணின் செருப்பில் ஆறு பென்னி கிடக்கும். எங்கிருந்து வந்தது என்று வெளியே சொன்னால் மறுநாளிலிருந்து கிடைக்காது. சோம்பேறிக்குக் கிள்ளல், காலையில் கை காலெல்லாம் நீலம்.

கேள்வி: தெரிந்த வயலிலேயே வழி தெரியாமல் சுற்றுவதைப் ‘பிக்ஸி பிடித்தது’ என்கிறார்களே, அதற்குச் செய்யும் மாற்று என்ன?

பதில்: நில்லுங்கள். மேலங்கியைக் கழற்றி, கைப்பகுதி உட்பட முழுவதையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மேலங்கி இல்லையென்றால் கையுறை. அதுவும் இல்லையென்றால் சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டாலும் போதும். செலீனா மூர் கதையில் நோய் எறிந்த கையுறையும் இதே வித்தைதான். பின்னாளில் பிஷப்பான ரிச்சர்ட் கார்பெட் 17ஆம் நூற்றாண்டுப் பயணக் கவிதையொன்றில், காட்டில் வழி தவறியபோது ‘அங்கிகளைத் திருப்புங்கள், பக் (ராபின் குட்ஃபெலோவின் இன்னொரு பெயர்) இங்கே வேலை காட்டுகிறான்’ என்று கூட வந்தவர் சொன்னதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார். டெவன், சாமர்செட் மட்டுமல்ல, நடு இங்கிலாந்திலும் இது தெரிந்திருந்தது.

ஓடும் நீரைத் தாண்டினாலும் பிடி விடும் என்பார்கள். தூரத்தில் ஆடும் விளக்கைப் பின்தொடர்ந்து போகவே கூடாது. டார்ட்மூர் சதுப்பில் அது உயிருக்கே ஆபத்து. மூடுபனியில் பதறி வட்டமடிப்பவர் ஒரு நிமிடம் நின்று அங்கியைக் கழற்றி மாட்டினாலே பாதிப் பதற்றம் அடங்கும். நம்பாதவருக்கும் இந்த வைத்தியம் கேடில்லை.

கேள்வி: புல்வெளியில் தெரியும் ஃபேரி வளையத்துக்குள் காலை வைத்தால் என்ன ஆகும்?

பதில்: வளையத்தைப் போடுவது பூஞ்சை, பெரும்பாலும் மராஸ்மியஸ் ஓரியேட்ஸ் என்ற காளான் இனம். ஒரு புள்ளியில் தொடங்கி மண்ணுக்கடியில் ஆண்டுதோறும் வெளிநோக்கிப் பரவும். விளிம்பில் அது மண்ணிலுள்ள மட்கும் பொருள்களைச் சிதைத்து நைட்ரஜனை விடுவிப்பதால் அங்கே மட்டும் புல் கரும்பச்சையாகச் செழிக்கும்.

வழக்கில் உள்ளது இது: நார்தம்பர்லாந்தில் பிள்ளைகள் வளையத்தைச் சுற்றி ஒன்பது முறை ஓடலாம். பத்தாவது சுற்று கேடு. நடனத்துக்குள் சிக்கியவரை ஒரு காலை வளையத்துக்கு வெளியே ஊன்றியபடி அங்கியைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் வேல்ஸ் கதைகளில் வருவது. இங்கிலாந்துக் கதையில் அப்படியே நுழைக்காதீர்கள். இங்கிலாந்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ஆப்ரி சொல்வது. 1633-34 வாக்கில் வில்ட்ஷயரின் யாட்டன் கீனெல் ஊரின் துணைப் பாதிரியார் இரவில் குன்றுவெளியில் போகும்போது, வளையத்தில் குட்டி உருவங்கள் ஆடுவதைக் கண்டு அசைய முடியாமல் நின்றுவிட்டார். கண்டதும் அவர்கள் சூழ்ந்துகொண்டு உடம்பெல்லாம் கிள்ளினார்கள். விடிந்தபோது வளையத்தின் நடுவில் கிடந்தார். அவர் உள்ளே காலை வைக்கவே இல்லை, பார்த்ததற்கே இவ்வளவு.

கேள்வி: ஃபேரியிடம் பாத்திரம் கடன் வாங்கும் கதை உண்டாமே?

பதில்: சர்ரே மாவட்டத்தின் ஃப்ரென்ஷம். குன்றின் மேல் உள்ள கல்லைத் தட்ட வேண்டும். என்ன வேண்டும், எந்த நாளில் திருப்பித் தருவேன் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று குரல் பதில் சொல்லும். அப்படி வாங்கிய பெரிய கொப்பரையை ஒருவர் சொன்ன நாளில் திருப்பவில்லை. பிறகு கொண்டுபோனபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஆப்ரி எழுதிய அந்தக் கொப்பரை ஃப்ரென்ஷம் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. தவணை தவறினால் அபராதம் இல்லை, வட்டி இல்லை. ஊருக்கே கடன் நிறுத்தம்.

கேள்வி: ஃபேரி வீட்டில் பிரசவம் பார்க்கப் போன மருத்துவச்சியின் கண் போன கதையில் அவள் செய்த தவறு என்ன?

பதில்: இரண்டு. டெவனின் டேவிஸ்டாக் ஊர்க் கதை இது. பிறந்த குழந்தையின் கண்ணில் தடவக் கொடுத்த களிம்பைத் தன் கண் ஒன்றிலும் தொட்டுப் பார்த்தாள். உடனே அங்கிருந்தவர்களின் உண்மை உருவம் தெரிந்தது. இது முதல் தவறு, ஆனால் இதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு சந்தையில், கடைகளில் கைவைத்துத் திருடிக்கொண்டிருந்த, தன்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன ஃபேரி ஆளைப் பார்த்து நலம் விசாரித்தாள். ‘எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?’ என்றான், காட்டினாள், அந்தக் கண் போயிற்று. களிம்பைச் சொன்ன இடத்தில் மட்டும் தடவுங்கள், கையைக் கழுவுங்கள், தெரிந்தாலும் தெரியாதது போல நடங்கள்.

கேள்வி: பள்ளி நாடகத்தில் ‘மாற்றுக்குழந்தை’ காட்சி வைக்கலாமா? முட்டையோட்டில் சமைக்கும் இடம் வேடிக்கையாக இருக்கிறது.

பதில்: அந்தப் பகுதி வரை வைக்கலாம். மனிதக் குழந்தையை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் ஃபேரிகள் விட்டுப்போவதுதான் மாற்றுக்குழந்தை. தாய் முட்டையோடுகளில் கஞ்சி காய்ச்சுவது போல நடிக்கிறாள். தொட்டிலில் கிடக்கும் ஃபேரி, ‘இத்தனை வயதாகியும் இப்படி ஒரு சமையலை நான் பார்த்ததில்லையே’ என்று வாய்விட்டுத் தன் வயதைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் பின் வரும் அடி, சூடு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

காரணம் உண்டு. வளராத, பேசாத, எப்போதும் பசியென்று அழும் குழந்தை என்று இக்கதைகள் விவரிப்பது பல சமயம் பிறவிக் குறைபாடுள்ள உண்மையான குழந்தையை. இந்த நம்பிக்கை உயிரையும் எடுத்திருக்கிறது. 1895இல் அயர்லாந்தின் டிப்பரரியில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண் ‘மாற்றி வைக்கப்பட்டவள்’ என்று சொல்லப்பட்டுக் கணவனாலேயே எரிக்கப்பட்டாள். நீதிமன்றம் அவனைத் தண்டித்தது. ஃபேரி கதைகளில் நாங்கள் அஞ்சுவது இந்த ஒன்றுக்குத்தான். மேடைக்குத் தற்காப்பு வேண்டுமென்றால் ஞானஸ்நானம் ஆகாத குழந்தையின் தொட்டிலுக்கு மேலே கத்தரிக்கோலைச் சிலுவைபோல் விரித்துத் தொங்கவிடும் வழக்கத்தைக் காட்டலாம். அட்டையில் செய்த கத்தரிக்கோல் போதும்.

கேள்வி: இரும்பு, உப்பு, நான்கு இலை க்ளோவர்: எல்லாம் ஃபேரிக்கு எதிரான காப்புதானே?

பதில்: இரும்பும் உப்பும் சரி. பையில் ஒரு துண்டு ரொட்டியும் காப்பு. குதிரை இரவில் வியர்த்து நுரைதள்ளிக் கிடந்தால், ஃபேரிகள் ஏறி ஓட்டியதாக நம்பி, இயற்கையாகத் துளை விழுந்த கல்லைத் தொழுவத்தில் கட்டுவார்கள்.

நான்கு இலை க்ளோவர் அப்படியல்ல. அது கண்ணைத் திறந்துவிடும். கார்ன்வாலில் பால் கறக்கும் பெண் ஒருத்தியின் தலைச் சும்மாட்டுப் புல்லில் அது சிக்கியிருந்தது. பசுவைச் சுற்றிக் குட்டி ஆட்கள் பால் குடிப்பதைப் பார்த்துவிட்டாள். எஜமானி அவர்களை விரட்ட, மீன் ஊறிய உப்புநீரைப் பசுவின் மடியில் தடவினாள். அவர்கள் போனார்கள். பசுவும் ஏங்கி மெலிந்து போயிற்று. காப்பு போடும் முன் போகப்போவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்ன்வால் சுரங்கங்களில் நாக்கர்கள் நல்லவர்களா?

பதில்: நாக்கர்கள் சுரங்கத்துக்குள் வாழும் குட்டி ஆட்கள். மரியாதை கொடுத்தால் நல்லவர்கள். வெள்ளீயச் சுரங்கத்தில் இவர்கள் தட்டும் ஓசை வளமான தாதுப் படிவத்தைக் காட்டும் என்பது நம்பிக்கை. உள்ளே சீட்டியடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, சுவரில் சிலுவைக் குறி போடக் கூடாது. சாப்பாட்டில் ஒரு துண்டை விட்டுவைக்க வேண்டும். டாம் ட்ரெவோரோ கொடுக்க மறுத்தான். மறுநாள் பாறை சரிந்து அவன் கருவிகளும் தோண்டிய தாதுவும் புதைந்தன. ஒளிந்திருந்து பார்த்த பார்க்கர் என்ற சோம்பேறிக்கு இன்னும் மோசம். ‘என் கருவிப் பையை பார்க்கரின் முழங்காலில் வைக்கிறேன்’ என்று ஒரு குரல் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத பாரம் வந்து விழுந்தது. கால் ஊனமாயிற்று.

கேள்வி: ஆற்றில் இருக்கும் ஃபேரிகளுக்கு என்ன படையல்?

பதில்: ஒன்றும் இல்லை. டீஸ் ஆற்றின் பெக் பவ்லரும், லங்காஷயர் குட்டைகளில் பாசிக்கடியில் கிடக்கும் ஜென்னி கிரீன்டீத்தும் பேரம் பேசுவதில்லை, இழுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் கரைக்குப் போகாமலிருக்கப் பெரியவர்கள் சொன்னது. தள்ளி நிற்பதுதான் ஒரே முறை.

கேள்வி: எல்டர் மரத்தை வெட்ட அனுமதி கேட்க வேண்டுமா?

பதில்: லிங்கன்ஷயரில் கட்டாயம். அந்த மரத்துக்குள் ‘கிழவி’ இருக்கிறாள். ‘கிழவியே, உன் மரத்தில் கொஞ்சம் கொடு, நான் மரமாக வளரும்போது என்னுடையதில் உனக்குத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். கேட்காமல் வெட்டிய எல்டர் கட்டையில் தொட்டிலை ஆட்டுவதற்கான வளைந்த கால் செய்து மாட்டிய வீட்டில், குழந்தை முகம் கறுக்கும் அளவுக்குக் கிழவி கிள்ளியதாகத் தாய் சொன்னாள். அந்தக் காலைத் தட்டிக் கழற்றிவிட்டு ஆஷ் மரத்தில் புதிதாகச் செய்து போட்டதும் குழந்தை தேறிவிட்டது.